கொள்ளிடத்து நீலப்பூவும் வெள்ளையம்மாள் பேரும்

துறையூர்ப் பக்கத்தில் பிறந்து ஸ்ரீரங்கம் மேலூரில் வாழ்க்கைப்பட்ட வெள்ளையம்மாளுக்குத் திருச்சியில் ஒரு கல்லூரியில் வேலை. தாவரவியல் வகுப்புக்குச் செடி கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். திங்கட்கிழமை அல்லி என்றால் அல்லி, செவ்வாய்க்கிழமை ஆரைக்கீரை என்றால் ஆரைக்கீரை. விடிவதற்குள் சேறு மிதித்துப் பறித்து, வாசலில் நின்று நீரை நன்றாக உதறி, ஈரச் சாக்கில் கட்டி எடுத்துப் போவாள். டவுன் பஸ்ஸில் ஏறினால் சாக்கைப் பார்த்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்துகொள்ளும் வேட்டிகளுக்குக் குறைவில்லை. இப்படியே பதினோரு வருஷம்.

அறுபத்தொன்றாம் வருஷம் தை மாதத்தில், கொள்ளிடக் கரையோரம் மணலில் ஊற்று கசியும் ஓர் இடத்தில் அந்தச் செடியைப் பார்த்தாள். முழங்கால் உயரம். எதிரெதிராகத் தண்டைக் கட்டிப் பிடித்த இலை. கதிர் கதிராக, மிளகைவிடச் சற்றே பெரிய வெளிர்நீலப் பூ. அவளுக்குத் தெரியாத செடி அந்தக் கரையில் இருக்கக்கூடும் என்று அன்றுவரை அவள் நினைத்ததில்லை. பறித்தாள், வழக்கம்போல உதறினாள், கொண்டுபோனாள்.

விரிவுரையாளர் பாக்கியநாதன் சாக்கைப் பிரித்துப் பார்த்தார். பூ ஒன்றுகூட இல்லை. வண்டலில் கொழுத்த நீர்ப்பிரம்மி என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். பிரம்மிக்கு இலை தடித்துச் சின்னதாக இருக்கும், வாயில் போட்டால் நாக்கைப் பிடிக்கும், இது அப்படியில்லை என்று அவள் சொல்லிப் பார்த்தாள். பூவைக் கொண்டு வா, அப்புறம் பேசலாம் என்றார். இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் வெறும் காம்புதான் போய்ச் சேர்ந்தது. மூன்றாம் முறை அவர் வகுப்புப் பையன்கள் முன்னால் சொன்னது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

"கண்ணுல நீலம் தெரியுதுன்னா கண்ணாஸ்பத்திரிக்குப் போம்மா. என்கிட்ட ஏன் வர்ற?"

பையன்கள் சிரித்தார்கள். பதினோரு வருஷமாக அவள் கொடுத்த செடியை வைத்துத்தான் அவர் அந்தப் பையன்களுக்குப் பாடம் நடத்துகிறார் என்பது அங்கே யாருக்கும் உறைக்கவில்லை.

மறுநாள் ஊற்றடியில் உட்கார்ந்து அந்தப் பூவை விரலால் மெதுவாகத் தொட்டுப் பார்த்தாள். பொத்தென்று முழுசாகக் கழன்று விழுந்தது. அப்போதுதான் தெரிந்தது, மூன்று தடவையும் தன் வீட்டு வாசலிலேயே தானே பூவை உதறிக் கொட்டியிருக்கிறோம் என்று. ஆத்திரம் அவர்மேல் பாதியும் தன்மேல் பாதியுமாக வந்தது. இந்தச் செடியைப் பறித்துக் காட்ட முடியாது. வளர்த்துத்தான் காட்ட வேண்டும்.

வேரோடு பெயர்த்துப் பானையில் வைத்துக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றினாள். ஒரே வாரத்தில் அழுகிப்போனது. நின்ற தண்ணீர் ஆகாது போலிருக்கிறது என்று, அடுத்ததை அடியில் ஓட்டை போட்ட சட்டியில் வைத்து, வாழைக்குப் போகும் வாய்க்காலில் செங்கல் முட்டுக் கொடுத்து இருத்தினாள். அது பிழைத்தது. பூத்துக் காய்த்து, பங்குனி வெயிலில் சுருண்டது. நுனியில் பிளவுபட்ட அந்தக் குட்டிக் காய்களைத் துணியில் முடிந்து வைத்தாள். உள்ளே விதை தூசி மாதிரி.

வாழைத் தோட்டத்தில் வேலை செய்த அவள் புருஷன் ராசப்பனுக்கு இது வேடிக்கை. "சாமிக்கு வெக்கிற பூவுமில்ல, கொழம்புக்கு ஆகுற கீரையுமில்ல. இதுக்கு ஒரு காவலு," என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொன்னான். கார்த்திகையில் ஈர வண்டல்மேல் அந்தத் தூசியைத் தூவி, மண் போட்டு மூடாமல் விட்டாள். பதினைந்து நாளில் பச்சை தெரிந்தது. தையில் மொட்டு வந்தது.

பஸ் குலுக்கும். அதனால் சட்டியை இடுப்பில் ஏந்தி, மேலூரிலிருந்து காவிரிப் பாலம் தாண்டிக் கல்லூரிவரை நடந்தாள். போய்ச் சேருவதற்குள் விரிந்த பூவெல்லாம் உதிர்ந்துவிட்டது. ஆனால் மொட்டு இருந்தது. ஆய்வுக்கூட ஜன்னலில் வெயில் படுகிற இடமாகப் பார்த்துச் சட்டியை வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றாள். ஒன்பது மணிக்கு நாலு பூ விரிந்தது.

பாக்கியநாதன் லென்ஸை எடுத்துக் குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை. பிரம்மிக்கு இதழ் ஐந்து, மகரந்தக் கம்பி நாலு. இதற்கு இதழ் நாலு, கம்பி இரண்டே இரண்டு. தடித்த புத்தகம் ஒன்றைப் புரட்டி, இந்தச் செடிக்குப் பேர் வெரோனிக்கா என்றார். எங்கள் தெருக்கோடியில்கூட ஒரு வெரோனிக்கம்மா இருக்கிறது என்று வெள்ளையம்மாள் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. கண்ணாஸ்பத்திரியைப் பற்றியும் ஒரு வார்த்தை பேசவில்லை.

செடியை அழுத்திக் காயவைத்துத் தாளில் ஒட்டினார்கள். தாளின் மூலையில் ஒட்டும் பெயர்ச்சீட்டு எழுதும் நாளில் பாக்கியநாதன் அவளைக் கூப்பிட்டனுப்பினார்.

"எந்த எடத்துல எடுத்தே? சொல்லு, எழுதணும்."

"அதுக்கு மேல என்ன எழுதியிருக்கீங்க சார்?"

"செடி பேரு. அப்புறம் சேகரிச்சவர் பேரு."

"யாரு பேரு?"

அவர் பேனாவைப் பார்த்தார். "டிபார்ட்மெண்ட்ல இருக்கறவங்க பேருதாம்மா போடுறது. எப்பவும் அதான் வழக்கம்."

"நீங்க கொள்ளிடத்துல கால நனைச்சிருக்கீங்களா சார்?"

அவர் பேனாவை மூடினார்.

"அப்ப எடத்தையும் நீங்களே எழுதிக்கிடுங்க," என்று சொல்லிவிட்டு, காலிச் சட்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். இடம் தெரியாத செடித்தாள் வெறும் காகிதம் என்று அவளுக்குத் தெரியும். அந்த அறையில் அத்தனை வருஷம் நின்றவளுக்கு அதுகூடவா தெரியாது?

இரண்டு ஞாயிற்றுக்கிழமை அவர் கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு கொள்ளிடக் கரையில் அலைந்ததை மேலூரே பார்த்தது. ஒரு பை நிறையச் செடி பிடுங்கிக்கொண்டு போனார். அத்தனையும் பிரம்மி.

மூன்றாவது வாரம் புதுச் சீட்டு தயாராக இருந்தது. அவர் படித்துக் காட்ட வந்தார். படிக்கத் தெரியாத அவள் அவரை வேண்டாமென்று தடுத்து, ஆய்வுக்கூட உதவியாளர் சின்னையாவைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னாள். "சேகரித்தவர், வெள்ளையம்மாள், மேலூர்" என்று சின்னையா நிறுத்தி நிறுத்திப் படித்தார். இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். பிறகு ஊற்று இருக்கும் இடத்தைச் சொன்னாள். பாக்கியநாதன் எழுதி முடித்து, மை காய ஊதினார்.

விஷயம் முடிந்ததென்று அவர் எழுந்தார். அவள் எழவில்லை. சுவரோரம் நின்ற மர அலமாரியைப் பார்த்தாள். அவள் பறித்துக் கொடுத்த பன்னிரண்டு வருஷச் செடி, தாளில் ஒட்டி, தட்டுத் தட்டாக.

"அதுல இருக்கறதுக்கெல்லாம் எடம் யாரு சார் சொன்னது?"

பாக்கியநாதன் மறுபடி உட்கார்ந்தார். சின்னையா போய் அலமாரிச் சாவியைக் கொண்டு வந்தார்.