வஹோமே துப்பிய வாழ்த்து

வஹோமே, நியேரிப் பக்கம் பாசெட் துரையின் பண்ணையில் பதினோரு வருஷம் சமையல்காரர். எழுதப் படிக்கத் தெரியாது. மாவை விரலால் அமுக்கிப் பார்த்தே ரொட்டி எப்படி வரும் என்று சொல்லிவிடுவார். நான் அதே பண்ணையில் பால் கறந்தேன்.

1953இல், பறிபோன நிலத்தை மீட்கக் காட்டுக்குள் போன எங்கள் ஆட்கள் வெள்ளைக்காரர்களைக் கொன்ற சேதி வந்தது. அன்று முதல் துரைசாணி, சூப்பை வஹோமேயை முதலில் குடிக்கவைத்துப் பார்த்த பிறகே தட்டில் ஊற்றுவாள். துரை துப்பாக்கியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சாப்பிடுவார். எங்கள் குடிசைகளிலும் வஹோமே வந்தால் பேச்சு நின்றுவிடும்.

"துரை வீட்டுப் பூனை வருது, வாய மூடுங்கப்பா" என்பான் வண்டி ஓட்டும் கிச்சுகி.

"பூனைக்காவது பால் ஊத்துவாங்கடா" என்பார் வஹோமே.

ஜூன் மாதம் துரைசாணி ஆஸ்பத்திரியிலிருந்து கைக்குழந்தையோடு வந்தாள். வஹோமே மாவுக்கையைத் துடைத்துக்கொண்டு ஓடினார். குழந்தையின் நெஞ்சில் லேசாகத் துப்பி வாழ்த்தினார். எங்கள் வீட்டில் பிள்ளை பிறந்தால் இதற்காகவே பெரியவர்களைத் தேடிக் கூட்டிவருவோம். துரைசாணி வீறிட்டாள்.

பக்கத்துப் பண்ணைத் துரைகள் இருவரும் ஒரு போலீஸ் அதிகாரியும் ஜீப்பில் வந்து இறங்கினார்கள்.

"குழந்தைக்கு என்னடா செஞ்ச? காட்டுக்காரனுங்களுக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கியா?" என்றார் அதிகாரி.

"ஆசீர்வாதங்க ஐயா. நம்ம துரையையே கேளுங்க."

பாசெட் துரை இந்த மண்ணில் பிறந்தவர். சின்ன வயதில் அவர் நெஞ்சில் துப்பி வாழ்த்திய மாட்டுக்காரக் கிழவரை எனக்கே தெரியும்.

"என்ன பாசெட், இவங்க வழக்கமெல்லாம் உனக்கு அத்துப்படியோ?" என்றார் ஒரு துரை. உதட்டில் சிரிப்பு, கண்ணில் இல்லை.

பாசெட் துரை மனைவியைப் பார்த்தார். வந்தவர்களைப் பார்த்தார். "இவனுங்க மனசுல என்ன இருக்குன்னு யாரு கண்டா?" என்றார்.

வஹோமேயை ஜீப்பில் ஏற்றினார்கள். பால் பாத்திரத்தோடு நின்ற நானும் வாய் திறக்கவில்லை.

தடுப்பு முகாமிலிருந்து அவர் திரும்ப நான்கு வருஷம் ஆயிற்று. பல் பாதி இல்லை. அவர் குடிசைக்குள் நுழைந்ததும் கிச்சுகி என் காதருகே வந்தான்.

"இன்னும் எத்தனையோ பேர் உள்ள கிடக்காங்க. இவர மட்டும் எப்படி விட்டாங்க?"

அன்று முழுக்க நான் அவரைப் பார்க்கப் போகவில்லை.