ஞாயிறு தவறாத பசு

எங்கள் சபையில் ஞாயிற்றுக்கிழமையை ஒருபோதும் மறக்காத ஜீவன் ஒன்றுதான் இருந்தது. அது என் பசு.

நான் அப்போது மயிலாடிக்கும் கொட்டாரத்துக்கும் நடுவில் ஒரு சிறிய சபைக்கு உபதேசியார். போதகர் வராத வாரங்களில், அதாவது பெரும்பாலான வாரங்களில், ஆராதனை நடத்துவது என் பொறுப்பு. பிரசங்கம் சுமார், ஜெபம் நீளம். கண்ணை மூடிக்கொள்ளலாம் என்பதால் ஜெபத்துக்குச் சபையாரிடம் நல்ல பெயர் இருந்தது.

என் மனைவிக்குப் பிள்ளைகள் பிறந்தார்கள், தாய்ப்பால்தான் சுரக்கவில்லை. மூத்த இரண்டையும் வளர்த்தது இந்தக் கறுத்த பசு. அந்த வருஷம் பங்குனியில் மனைவி மறுபடி மசக்கையில் படுத்தாள். பசுவோ இரண்டாவது பிள்ளைக்குக் கறந்து கறந்து வற்றிப்போய், சினையும் பிடிக்காமல் நின்றது. பிள்ளை ஐப்பசியில் வந்துவிடும். பசு அன்றைக்கே சினைப்பட்டாலும் மார்கழியில்தான் கன்று போடும். நடுவில் கூவைமாவுக் கஞ்சியைக் காய்ச்சி ஊற்றிப் பிள்ளையை எப்படியாவது தாக்காட்டலாம். அதற்கு மேல் தள்ளிப்போனால் என்ன ஊற்றுவது என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. விலைக்குப் பால் வாங்கும் வீடு எங்கள் வீடு இல்லை.

பசு மூன்று வாரத்துக்கு ஒருமுறை காளையைத் தேடிக் கத்தும். முதல் தடவை எந்தக் கிழமையோ அடுத்த தடவையும் அதே கிழமை. எங்கள் பசு முதலில் கத்தியது பங்குனிக் கடைசியில் ஒரு ஞாயிறு காலை.

பக்கத்தில் பொலிகாளை வைத்திருந்தவர் எங்கள் சபை மூப்பர். ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் உலக்கை அசையாது. ஏர்மாடு தொடங்கிப் பொலிகாளை வரைக்கும் எல்லாவற்றுக்கும் ஓய்வுநாள். நான் போய்த் தலையைச் சொறிந்தேன்.

“உபதேசியாரே, நீரே இப்படிக் கேக்கலாமா? திங்கக்கெழம விடியவெளுப்புக்குக் கொண்டு வாரும்.”

“குழியில விழுந்த மாட்ட ஓய்வுநாள்ல தூக்கலாம்னு வேதத்துல இருக்குலா?”

“விழுந்துதா?”

“இல்ல.”

“பெறவு?”

வேதம் படித்தவன் நான். பதில் அவரிடம் இருந்தது.

மார்கழிக் குளிராக இருந்தால் பசு பகலெல்லாம் கத்தி மறுநாளும் கத்தும். பங்குனி வெயிலில் அப்படியில்லை. சூரியன் ஏறுவதற்குள் கொஞ்சம் கத்தும், பிறகு நாக்கைத் தொங்கவிட்டு இளைக்க ஆரம்பித்துவிடும். திங்கட்கிழமை கொண்டுபோனபோது அது காளையை, கல்யாண வீட்டில் யாரோ தூரத்து உறவைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது.

வெள்ளாளர் தெருவிலும் ஒரு காளை உண்டு. அந்த வீட்டுக்காரருக்கு ஞாயிறும் ஒன்றுதான், திங்களும் ஒன்றுதான். ஆனால் அங்கே போகும் வழி எங்கள் சபைக் கோயில் வாசலைத் தாண்டித்தான். உபதேசியார் ஓய்வுநாளில் மாட்டைப் பிடித்துக்கொண்டு போவதைச் சபை பார்த்தால், அடுத்த வாரம் சபைக்கு வேறு உபதேசியார், எனக்குப் பசு மட்டும்.

யோசனை மனைவியுடையது. பசுவைக் குளிரவைத்தால் திங்கள்வரை கத்தாதா என்றாள். புன்னைமர நிழலில் ஓலைப்பந்தல் போட்டோம். தின்றால் உடம்பு சூடேறும் என்று வைக்கோலை வெயில் தாழ்ந்த பிறகே வைத்தோம். மயிலாடிக் கல்தொட்டியில் தண்ணீர் மத்தியானத்துக்குள் வெந்நீராகிவிடும். அதைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் நிரப்பினோம். அறுப்பு முடிந்து கால்வாயை அடைத்துவிட்டார்கள், ஆகவே எல்லாத் தண்ணீரும் கிணற்றிலிருந்து என் தோளில்தான் வந்தது.

சித்திரையில் அடுத்த ஞாயிறு விடிந்ததும் பசு கத்தியது. குடத்தை எடுத்த எனக்குச் சந்தேகம். ஓய்வுநாளில் தண்ணீர் இறைத்து மாட்டைக் குளிப்பாட்டுவது வேலை இல்லையா?

“ஞானஸ்நானம்னு நெனச்சுக்கிடுங்க” என்றாள் மனைவி.

ஞானஸ்நானம் கொடுக்க உபதேசியாருக்கு அதிகாரம் கிடையாது, போதகருக்குத்தான் உண்டு என்றேன். “அப்ப அவியளக் கூப்பிடுங்க, வந்து இறைக்கட்டும்.”

இறைத்தேன். ஈரச்சாக்கைப் போர்த்தினோம், காய்ந்தது, மறுபடி நனைத்தோம். திங்கள் வெளுப்புக்கும் பசு ஒருமுறை கத்தியது. அந்தக் குரலைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டதுபோல் எந்தக் கீர்த்தனைக்கும் பட்டதில்லை. நான் முன்னால் இழுக்க, மனைவி பின்னால் முடுக்க, மூப்பர் வீட்டுக்குப் போனோம்.

இரவுப் புழுக்கம் இன்னும் தணியாமல் காளை தொழுவத்தில் இளைத்துக்கொண்டு படுத்திருந்தது. எழுப்பினார்கள். வந்தது, மோந்தது, எங்களை ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பவும் போய்ப் படுத்துக்கொண்டது. பிரசங்கத்தின் நடுவில் சபையாரிடம் அந்த முகத்தை நான் அடிக்கடி பார்த்திருக்கிறேன்.

“அதுக்கும் சூடுதான்” என்றார் மூப்பர். சற்று வெட்கம் அவருக்கு. அப்போதுதான் என் மனைவி அவர் தொழுவத்துத் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து குமட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். உள்ளே போய் மோர் கொண்டுவரச் சொன்னார்.

வைகாசியில் அடுத்த ஞாயிற்றுக்கு முந்தின மாலை அவர் எங்கள் வீட்டு வழியாகப் போனார். நின்றார்.

“எங்க தொழுவத்துப் படலு சரியா அடையல்ல, உபதேசியாரே. நாளைக்கு ஓய்வுநாளு. சரியாக்க முடியாதுலா?”

போய்விட்டார். எனக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. மனைவிக்கு உடனே விளங்கிவிட்டது, மறுநாள் கோயிலுக்குப் புறப்படும்போது பசுவைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துவிட்டாள்.

கோயிலுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். நான் ஜெபத்துக்குக் கண்ணை மூடியதும் பசு கத்தியது. பிறகு கனத்த குளம்புச் சத்தம். கண்ணைத் திறக்கவும் முடியவில்லை, ஓடிப்போய்ப் பார்க்கவும் முடியவில்லை. எனக்குத் தெரிந்த ஒரே உபகாரத்தைச் செய்தேன், ஜெபத்தை நீட்டினேன். ராஜாவுக்காக, திவானுக்காக, மழைக்காக, கப்பலில் போகிறவர்களுக்காக. எங்கள் சபையில் கப்பலில் போனவர் யாரும் கிடையாது. பின்வரிசையில் யாரோ இருமினார்கள். நான் தளரும் இடத்திலெல்லாம் மூப்பர் முன்வரிசையிலிருந்து, இன்னும் போகட்டும் என்பதுபோல், ஆழமாக முனகினார்.

ஆமென் சொல்லி வெளியே வந்தபோது காளை புன்னை நிழலில் படுத்திருந்தது. பசு தொட்டியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. நடந்ததா, நடக்கவில்லையா? இரண்டும் வாய் திறக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து வந்த ஞாயிறு, பிரசங்கத்தை நானே கேட்கவில்லை. காது சுவரின் பக்கம் இருந்தது. பசு கத்தினால் சினை பிடிக்கவில்லை என்று அர்த்தம். பெண்கள் பக்கத்தில் மனைவியும் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். மூப்பரும் அப்படியே. ஆனி பிறந்தும் மழை இன்னும் வரவில்லை. வெளியே காக்கைகூடக் கத்தவில்லை.

ஆராதனை முடிந்து மூவரும் பசுவின் முன்னால் போய் நின்றோம்.

“கத்தல்ல” என்றார் மூப்பர். “செனைதான்.”

“சூடு கூடினாலும் கத்தாதுலா” என்றேன்.

மனைவி வயிற்றில் கையை வைத்தபடி என்னைப் பார்த்தாள். “இனி ஞாயித்துக்கெழம ஜெபத்தச் சின்னதா வையுங்க. பசு கத்தினா காதுல விழணும்லா.”

பசு ஈரச்சாக்குக்குள் நின்று அசைபோட்டது. அதற்குத் தெரிந்திருக்கும். நான் போய் இன்னொரு குடம் தண்ணீர் இறைத்தேன்.