காக்கிச் சட்டையின் மேல் பொத்தான்

மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் வந்த மறு வருஷம், ஆம்புலன்ஸில் போகிற எங்களுக்கு மேல்நிலை முதலுதவிப் பரீட்சை வைத்தார்கள். தேறாதவன் வார்டு கழுவப் போக வேண்டும். நான் அங்கிருந்துதான் வந்தவன். நாலாவதோடு நின்ற எனக்குப் புத்தகம் ஏறாது. கை பழகினால்தான் உண்டு.

ஊருக்குள் காஜா பெராங் என்ற பகுதியில் வாடகை அறை. அங்கே பழகிப் பார்க்க என் மனைவியை விட்டால் யார்? விளக்கேற்றித் திருநீறு பூசியதும் அவளைப் பாயில் படுக்க வைப்பேன். அடிபட்டவர் கழுத்தில் இருப்பதை முதலில் தளர்த்தி மூச்சைப் பார்க்க வேண்டும், பிறகுதான் கட்டு என்று எங்களுக்குப் பாடம் எடுத்த ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். அவள் கழுத்தில் இருந்தது தாலிக்கயிறு. நான் கை நீட்டியதும் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"புருஷன் கையாலயே அதத் தளத்துறதா? நல்லா இருக்கு உங்க படிப்பு."

எனக்கும் மனசு வரவில்லை. "கழுத்து தளர்த்தியாச்சு" என்று வாயால் சொல்லிவிட்டு, நேரே காலுக்குப் போய்ப் பலகை வைத்துக் கட்டுவேன். தினமும் அப்படியே.

பரீட்சையில் அடிபட்டவராகப் படுத்திருந்தவர் ஒரு மலாய்க்காரப் போலீஸ்காரர். கழுத்துப் பொத்தான் இறுகப் போட்டிருந்தது. "கழுத்து தளர்த்தியாச்சு" என்றேன். கால் கட்டு அழகாக விழுந்தது. வெள்ளைக்கார டாக்டர் பொத்தானைத் தொட்டுக் காட்டி, வாய் அவிழ்த்தது, கை எங்கே போனது என்று மலாயில் கேட்டார். அடுத்த மாதம் இன்னொரு தடவை, அதோடு சரி என்றார்.

அந்த மாதம் சோறு இறங்கவில்லை. பழகினால் தாலியில் கை வைக்க வேண்டும். பழகாவிட்டால் கை மறுபடியும் கழுத்தைத் தாண்டிப் போகும். துக்காங் எமாஸ் தெருக் கோயில் பிள்ளையாரிடம் போய், இதில் எது பாவம் என்று நீயே சொல் என்று நின்றேன்.

திரும்பி வந்தால், மனைவி சேலைக்கு மேல் என் காக்கிச் சட்டையை மாட்டி, கழுத்துவரை பொத்தான் போட்டுப் பாயில் படுத்திருந்தாள்.

"மூஞ்சிய அப்படி வச்சிருந்தா எனக்கே மூச்சு நின்னுடும். இந்தப் பொத்தானக் கழட்டுங்க. உள்ள இருக்கிறதத் தொடாதீங்க."

இரண்டாம் தடவையும் அதே போலீஸ்காரர். கை தானாகப் பொத்தானுக்குப் போனது. அவிழ்த்ததும், உள்ளே எதையோ தொட்டுவிடக் கூடாதென்று விரல்கள் ஓரமாக ஒதுங்கின. மயங்கிக் கிடக்க வேண்டியவர் கூச்சம் தாங்காமல் சிரித்துவிட்டார்.

டாக்டர் சிரிக்கவில்லை. மூச்சைப் பார் என்றார். குனிந்து பார்த்தேன். மறுநாளும் ஆம்புலன்ஸில்தான் போனேன்.