ஆறுக்கு அடுத்தது பன்னெண்டு

சிலமலைப் பால்வாடியில் ராக்கு டீச்சர் பிள்ளைகளுக்குச் சூதாடக் கற்றுக்கொடுக்கிறார், பந்தயம்கூட உண்டு என்று போடி டீக்கடையில் ஒருவர் சத்தியம் செய்தார். எனக்கும் கற்றுக்கொள்ள ஆசைதான். மறுநாளே பஸ்சு ஏறினேன்.

வதந்தி பொய்யில்லை. தரையில் கட்டம் கிழித்து, பிள்ளைகளுக்கு நடுவே சம்மணமிட்டு, தாயக்கட்டையை உருட்டிக்கொண்டிருந்தார் டீச்சர். முந்தானையெல்லாம் சாக்பீஸ் தூள்.

"ஆறு விழுந்தா இன்னொருக்க உருட்டு ஆத்தா. இந்தா, மூணு. ஆறும் மூணும் எம்புட்டு? காயத் தள்ளி எண்ணு, வெரசா!"

"ஒம்போது!" என்றாள் ஐந்து வயது மருதாயி.

காய் வெட்டுப்பட்டவர் தகரத் தட்டில் பரப்பிய மணலில் 'இ' எழுத வேண்டும். பந்தயம் அவ்வளவுதான். ஆனால் 'இ' லேசுப்பட்டதா? சுழித்துச் சுழித்துக் கடைசியில் நத்தைதான் மிஞ்சுகிறது.

போன மாதம் சோதனைக்கு வந்த அதிகாரி, புதிதாய்ச் சேர்ந்த ராமுத்தாயிடம் பத்து வரை எண்ணச் சொன்னாராம். "தாயம், ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு, பன்னெண்டு" என்று முடித்துக் கைகட்டி நின்றாளாம் அவள்.

"கட்டையில ஆறு விட்டா பன்னெண்டுதான விழும். ஒரே உருட்டுல ஏழு விழுந்தா எனக்கு ஏன் சார் இந்தப் பாடு? அவ இன்னும் கூட்டலுக்கே வரல" என்றார் டீச்சர் என்னிடம்.

பால்வாடியை மூட எழுதிவிடுவேன் என்று அதிகாரி குதித்திருக்கிறார்.

"மூடிட்டா இதுக ஆத்தாமாரு எப்பிடி மலைக்குப் போவாக? பிள்ளைகள ஏலச்செடியிலயா கட்டிப் போடுவாக? எழுதுறதுக்கு முந்தி மருதாயிகூட ஒரு ஆட்டம் போட்டுப் பாருங்க சார்" என்றிருக்கிறார் டீச்சர்.

பெல்பாட்டத்தைச் சுருட்டிக்கொண்டு அதிகாரியும் உட்கார்ந்துவிட்டார். மருதாயி ஆறு போட்டாள், மறுபடி ஆறு, பிறகு இரண்டு. விரலை மடக்கினாள். "பதினாலு! சார், ஒங்க காயி வெட்டு!" மணல் தட்டு அவர் முன்னால் நகர்ந்தது.

"அடுத்த வாட்டி எழுதுறேன் பாப்பா" என்று ஜீப்பில் ஏறியவர்தான். மூடும் உத்தரவும் வரவில்லை, 'இ'யும் வரவில்லை.

"வாத்தியாரம்மாவ ஏமாத்தலாம், இவள ஏமாத்த முடியாது சார்" என்று மருதாயியைக் காட்டி டீச்சர் சிரித்தார். அப்போது வெளியே ஜீப்புச் சத்தம் கேட்டது. சிரிப்பு பாதியில் நின்றது. மருதாயி மட்டும் எழுந்து, மணலை உள்ளங்கையால் நிரவி, தட்டை வாசல்வரை இழுத்துக்கொண்டு போனாள்.