பிரித்த பெட்டி

எண்பதுகளில் செஞ்சி பஸ் ஸ்டாண்டு பக்கம் பொம்மைக் கடை வைத்திருந்தேன். மெட்ராஸ் மொத்த வியாபாரி பேச்சை நம்பி, ஒரு புது விளையாட்டை இருபது பெட்டி வாங்கிவிட்டேன். ஆளுக்கொரு வேஷம் எடுத்து, தாயம் உருட்டிக் கோட்டையைப் பிடிக்க வேண்டும். மாதக்கணக்கில் ஒன்றுகூட விற்கவில்லை. வியாபாரியும் திருப்பி எடுக்க மாட்டேன் என்றுவிட்டார். "கடைய மூடிடலாம்" என்றார் கணவர்.

ஒரு அமாவாசையன்று, மேல்மலையனூர் கோயிலுக்குப் போக பஸ்ஸுக்கு நின்ற புருஷனும் பெண்சாதியும் மழைக்கு என் கடையில் ஒதுங்கினார்கள்.

"இன்னாக்கா இது?" என்று அவள் ஒரு பெட்டியை எடுத்தாள். விளக்கினேன். புரியவில்லை. "பிரிச்சிக் காட்டுக்கா" என்றாள்.

பிரித்த பெட்டியை யார் வாங்குவார்கள்? தயங்கித்தான் பிரித்தேன்.

அவள் ராணி, அவள் புருஷன் எதிரித் தளபதி, நான் ஒற்றன். பக்கத்துத் தையல் கடை பாய் மந்திரியாக வந்து உட்கார்ந்தார். வாசலில் கூட்டம் கூடிவிட்டது.

"பஸ்ஸு வந்துடுச்சி!" என்று புருஷன் எழுந்தான்.

"போவட்டும், அடுத்ததுல போலாம். நீ உருட்டுய்யா!" என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சரக்கில் குறையில்லை, ஆடிப் பார்க்க நான்தான் இடம் கொடுக்கவில்லை.

அன்று மூன்று பெட்டிகள் விற்றன. சாயந்தரம் வந்த கணவர் பிரித்த பெட்டியை உற்றுப் பார்த்தார். திட்டப் போகிறார் என்றிருந்தேன்.

"எனக்கு இன்னா வேஷம்?" என்று கேட்டு உட்கார்ந்தார். கடையை மூடும் பேச்சை அப்புறம் அவர் எடுக்கவேயில்லை.