நீங்களே துடைக்கணும்

கடுகண்ணாவைச் சந்தியில் ரெசின் வார்த்து, ட்ரேயும் பூச்சாடியும் செய்து விற்கிற பெண் அவள். நகங்களில் எப்போதும் பொன் மினுக்கம் ஒட்டியிருக்கும். யார் எதை வாங்கினாலும் ஒரே பேச்சுதான்: "சுடுசாமான் வைக்காதீங்க, வெயில்ல வைக்காதீங்க. அவ்வளவுதான்."

அன்று எனக்கு முன்னால், காரில் வந்த ஒரு பணக்கார அம்மா பெரிய ட்ரே ஒன்றை வாங்கினார். அவருக்கு மட்டும் பேச்சு நீண்டது.

"துணியை நனைச்சுப் பிழிஞ்சு, காலையிலயும் பின்னேரமும் துடைக்கணும் மேடம். வேலைக்காரங்ககிட்ட குடுத்துடாதீங்க, மங்கிரும். நீங்களே துடைக்கணும்."

அந்த அம்மா பயபக்தியோடு தலையாட்டிவிட்டுப் போனார்.

"நானும் அப்படித் துடைக்கணுமா?" என்றேன்.

"உங்களுக்கு எதுக்குக்கா? தூசி படிஞ்சா தட்டி விடுங்க." கார் போன பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். "எங்கம்மா அவங்க வீட்டுலதான் வேலை செஞ்சாங்க. ஒருநாள் முடியாம கதிரையில உக்காந்துட்டாங்க. அந்தக் கதிரைய எங்கம்மா கையாலயே கழுவ வச்சா அந்தப் பொம்பள. என்னை அவளுக்கு அடையாளம் தெரியல்ல."

அன்று நான் வாங்கிய ட்ரேயில் தூசி படிந்துதான் கிடக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம், இந்நேரம் அந்த அம்மா குனிந்து துடைத்துக்கொண்டிருப்பார் என்று நினைத்துக்கொள்வேன்.

துடைக்கட்டும்.