சினையில்லாத வயிறு

தை பிறந்தபோது எங்கள் குதிரையின் வயிறு இரண்டு பக்கமும் பானைபோல் புடைத்திருந்தது. அதைப் பார்க்க எனக்கும் என் மனைவிக்கும் சந்தோஷம். ஆடியில் காரியாபட்டிப் பக்கம் ஒருவருடைய ஆண் குதிரையோடு சேர்த்துவிட்டு வந்திருந்தோம். சினை பிடித்துவிட்டது என்று நாங்களே முடிவு கட்டிக்கொண்டோம்.

அருப்புக்கோட்டையில் நூல் லோடு ஏற்றும் வேன் ஓட்டுகிறேன். குதிரை என் ஆசைக்கு வாங்கியது. சித்திரையில் வண்டிப் பந்தயத்துக்கு விடுவேன். ஐப்பசி, கார்த்திகையில் மழை விழுந்துவிட்டால் கரிசல் சக்கரத்தைக் கவ்விக்கொள்ளும், ஓட்டவே முடியாது. அந்த வருடம் அதே மாதங்களில்தான் எங்கள் ஒரே மகள் கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போனாள். நான் காலையில் கிளம்பினால் இருட்டித்தான் வருவேன். பகல் முழுக்க வீட்டில் இருந்தது மனைவியும் கொட்டகையில் கட்டிய குதிரையும்தான். ஊறவைத்த கொள்ளு, மக்காச்சோளம், வரப்புப் புல் என்று அவள் போட்டுக்கொண்டே இருந்தாள்.

“ரெண்டு உசுருக்குத் திங்குது, பாவம்” என்பாள்.

போனில் மகளிடமும் குட்டியைப் பற்றித்தான் பேச்சு. என்ன நிறத்தில் பிறக்கும் என்று இருவரும் பந்தயம்கூடக் கட்டியிருந்தார்கள்.

கால்நடை மருத்துவரம்மா ஒருநாள் வந்து சோதித்துப் பார்த்தார். கையுறையைக் கழற்றிக்கொண்டே, “சினை இல்லக்கா. எல்லாம் கொழுப்பு” என்றார். பிடரியைத் தொட்டுக் காட்டினார். கட்டை மாதிரி இறுகியிருந்தது. “விலா எலும்பு கண்ணுக்குத் தெரியக் கூடாது, கைக்குத் தெரியணும். இதுக்கு அழுத்தினாலும் தெரியல. இப்படியே விட்டா குளம்புல சூடு ஏறி நிக்க மாட்டாம ஆயிரும்.”

மக்காச்சோளத்தை அடியோடு நிறுத்தச் சொன்னார். கொள்ளைக் குறைத்து, காய்ந்த சோளத்தட்டையைப் போட வேண்டும். பட்டினி போடவும் கூடாது, எடுத்த எடுப்பில் ஓட்டவும் கூடாது. முதலில் வெறும் நடைதான்.

மனைவி ஊறிய கொள்ளுச் சட்டியைத் திரும்ப உள்ளே எடுத்துக்கொண்டு போனாள். சாப்பிடும்போது, “அவகிட்ட நீங்களே சொல்லிருங்க” என்றாள். சொன்னேன். மகள் “அம்மா என்ன செய்றாக?” என்று மட்டும் கேட்டாள்.

எனக்கு லோடு இருந்ததால் குதிரையை நடத்தும் வேலை மனைவியிடம் போனது. காலையில் கண்மாய்க் கரையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு போவாள். முதல் வாரம் குதிரை பாதி வழியிலேயே மூச்சு வாங்கி நின்றுவிடும். அவளும் நிற்பாள். அதன் முகத்தைப் பார்க்காமல் எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றதாகப் பின்னால் சொன்னாள்.

மாசியில் ரோட்டோரம் மக்காச்சோளம் காயப்போட்டிருந்தார்கள். கண்டதும் குதிரை ஒரே இழுப்பில் கயிற்றைப் பிடுங்கிக்கொண்டு போய்க் குவியலில் வாயை வைத்துவிட்டது. மனைவி எவ்வளவு அடித்தும் நகரவில்லை. அக்கம்பக்கத்து ஆட்கள் வந்து இழுத்துக் கட்டுவதற்குள் நிறையத் தின்றுவிட்டது. லோடோடு குமாரலிங்கபுரம் விலக்கு ரோட்டில் இருந்த எனக்கு அவளிடமிருந்து போன் வந்தது. “ஏங்க, சீக்கிரம் வாங்க. வயித்து வலி போல, வயித்தத் திரும்பித் திரும்பிப் பாக்குது.”

நான் போய்ச் சேர்ந்தபோது மருத்துவரம்மா மூக்கு வழியாகக் குழாய் விட்டு மருந்து ஊற்றிக்கொண்டிருந்தார். அவர் போன பிறகு நாங்கள் இருவரும் மாறி மாறி அதன் வயிற்றில் காது வைத்துக் கேட்டோம். உள்ளே குடல் ஓடும் சத்தமே இல்லை. குளம்பைத் தொட்டுத் தொட்டுச் சூடு பார்த்தோம். பொழுது சாயும் நேரத்தில் மெல்ல உருட்டும் சத்தம் கேட்டது. பிறகு சாணி போட்டது.

அப்போதுதான் மனைவி குதிரை கட்டிய முளைக்குச்சி பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்து அழுதாள். “குட்டி இல்லன்னதும் இது மேல கோவம் வந்துச்சுங்க. இது என்ன செய்யும்? நான்தான அள்ளி அள்ளிப் போட்டேன்.”

“நானும்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்” என்றேன். மகள் போன பிறகு அந்த வீட்டில் யாருக்காவது எதையாவது போட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்று அவளுக்கு இருந்ததை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். குதிரையின் வயிறு தெரிந்த அளவுக்கு எனக்கு அது தெரியவில்லை.

மறு வாரத்திலிருந்து அவளும் குதிரையும் மக்காச்சோளம் காயாத வேறு பாதையில் நடந்தார்கள். தீனி விஷயத்தில் அவள் என்னைவிடக் கறாராகிவிட்டாள். நான் ஒரு கை கொள்ளு கூடப் போட்டால், “டாக்டரம்மா சொன்னது அவ்வளவு இல்லையே” என்று தடுப்பாள். பங்குனியில் வெறும் வண்டியைப் பூட்டினோம். நடை, கொஞ்சம் ஓட்டம், மறுபடி நடை. மூச்சு எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்று நின்று பார்ப்போம்.

சித்திரை வந்ததும் டீக்கடையில் கூட்டாளி ஒருவன் கேட்டான். “ஏலே, இந்த வருசம் பந்தயத்துக்கு விடலையா?”

“இல்லடா. இன்னும் தேறணும்.”

“நல்லாத்தான இருக்கு?”

“பாக்க நல்லாருக்கு. ஓடுறதுக்குத் தெம்பு காணாது.”

பந்தயத்தன்று விடிகாலையில், பந்தயத்துக்கு இல்லாமல் சும்மா ஓட்டிப் பார்க்க, திருச்சுழி ரோட்டில் வண்டியை எடுத்தேன். கிளம்பும்போது மனைவியும் வந்து ஏறிக்கொண்டாள். அதுவரை அவள் அந்த வண்டியில் ஏறியதே இல்லை. இரண்டு பக்கமும் பருத்தி பறித்து முடிந்த காடு. குதிரை ஒரே சீராக ஓடியது. அவள் வண்டிக் கட்டையை இறுகப் பிடித்துக்கொண்டு அதன் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

“கொஞ்சம் வெரசா விடுங்க” என்றாள்.

கயிற்றைத் தளர்த்தினேன்.